பந்தும் ஊரும் பணப்பையும்

ஊருக்கு ஒரு கால்பந்துக் கழகம் வேண்டும் என்று சொன்ன மறுகணமே, "பணம் யார் கொடுப்பது?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்கு நம்மவர்கள் கைவசம் வைத்திருக்கும் விடைதான் வேடிக்கையானது. "யாராவது ஒரு பெரிய மனிதரைப் பிடிப்போம்" என்கிறார்கள். பெரிய மனிதரும் கிடைக்கிறார். பனியனில் அவர் பெயர், பந்தலில் அவர் படம், கோப்பையில் அவருடைய தந்தையார் பெயர்! இரண்டு ஆண்டுகள் ஒரே ஆரவாரம். மூன்றாம் ஆண்டு அவருக்குத் தொழிலில் நட்டம் வருகிறது, அல்லது தேர்தலில் தோல்வி வருகிறது, அல்லது செயலாளரோடு மனத்தாங்கல் வருகிறது. அத்தோடு பந்தில் காற்று இறங்கிவிடுகிறது. பிள்ளைகள் திடலை விட்டுத் தேநீர்க்கடை வாசலுக்குப் போய்விடுகிறார்கள். திடலில் முள் முளைக்கிறது. பிறகு கடை முளைக்கிறது.

இது தமிழகத்தில் பல ஊர்கள் கண்ட கதை. மோகனூரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறோம். காவிரியின் இக்கரையில் மோகனூர்; எதிர்க்கரையில் வாங்கல். கரும்பும் வாழையும் கோரையும் விளையும் மண். சேலம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கும் இடம். நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை 1888-இல் பிறந்த ஊர். இந்த ஊர்ப் பிள்ளைகளின் காலுக்கு வலுவில்லையா, மார்புக்கு மூச்சில்லையா? இரண்டும் உண்டு. கரும்புக்கட்டைத் தலையில் தூக்கி வண்டியேற்றுபவன் மகனுக்கு, தொண்ணூறு நிமிடம் ஓடும் உடலை யாரும் புதிதாக உண்டாக்கித் தர வேண்டியதில்லை. வேண்டியவை ஒரு திடலும், ஒரு பந்தும், இன்று தொடங்கியது நாளையும் நடக்கும் என்ற நம்பிக்கையும்தாம். அந்த நம்பிக்கையைத் தருவது யார்? ஒரு தனி மனிதரா, ஊரா? வரலாற்றைக் கேட்டுப் பார்ப்போம்.

நெசவாளி வென்ற கோப்பை

இங்கிலாந்தின் வடக்கே பிளாக்பர்ன் என்றோர் ஊர் இருக்கிறது. பஞ்சாலை ஊர். ஒரு காலத்தில் நம் நாட்டவர் உடுத்த வேட்டியை அங்கே நெய்து கப்பலில் அனுப்பினார்கள். நம் கைத்தறிக்காரன் வயிற்றில் அந்தத் துணி அடித்தது. அது ஆலை முதலாளிகளின் கணக்கு. அங்கே தறி ஓட்டியவனும் நம் நெசவாளியைப் போல் கூலிக்கு உழைத்தவன்தான்.

அந்த ஊரில் 1878-இல் இரண்டு சிறிய குழுக்கள் ஒன்றுசேர்ந்து பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற கழகத்தைத் தொடங்கின. உள்ளூர் இரும்புவார்ப்புப் பட்டறையின் உரிமையாளர் சிட்னி யேட்ஸ் என்பவர் பணம் கொடுத்தார். ஆடியவர்கள் யார்? நெசவாளர், நூற்பாளர், பட்டறைத் தொழிலாளி, குழாய் வேலைக்காரர்.

அன்று இங்கிலாந்தின் பெரிய பரிசு எஃப்.ஏ. கோப்பை. 1872-இல் முதன்முதலாக வழங்கப்பட்ட நாள்தொட்டு, அது தென்பகுதிச் சீமான்களின் கையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. உயர்ந்த பள்ளிகளில் படித்த பழைய மாணவர்கள், படை அதிகாரிகள், பல்கலைக்கழகத்தார் — இவர்களே வென்றார்கள். 1883 மார்ச் 31 அன்று இலண்டனில் இறுதி ஆட்டம். ஒருபுறம் ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர்கள். மறுபுறம் பிளாக்பர்ன் தொழிலாளிகள். முதல் கோலைப் போட்டவர்கள் சீமான்கள். மேத்யூஸ் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் நூற்பாலைத் தொழிலாளி காஸ்ட்லி இரண்டாவது கோலைப் போட்டார். கோப்பை முதன்முறையாக வடக்கே போயிற்று. அதன் பிறகு பழைய மாணவர் குழுக்களின் கைக்கு அது திரும்பவே இல்லை!

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். "அமெச்சூர்" என்ற சொல்லைச் சீமான்கள் வேதம்போல் ஓதினார்கள். விளையாட்டுக்குக் காசு வாங்குவது கேவலம் என்றார்கள். தோட்டமும் வட்டியும் சோறு போடுகிறவனுக்கு அப்படிச் சொல்வது எளிது. சனிக்கிழமை ஆலைக்குப் போகாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அடுப்பெரியாது என்ற நிலையில் இருப்பவனுக்கு? இந்தக் கேள்விக்கு 1882-இல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் அரைகுறையாக ஒரு விடை சொன்னது: ஆட்டத்துக்கான செலவையும், ஆட்டத்தால் இழந்த கூலியையும் வாங்கலாம், அதற்குமேல் கூடாது என்றது. மூன்றாண்டுகள் கழித்து, 1885-இல், ஊதியம் வாங்கி ஆடுவதையே சங்கம் ஏற்றுக்கொண்டது. தொழிலாளியின் கால் அந்தக் கதவை உதைத்துத் திறந்தது.

ஆனால் அந்தக் கதவு வழியே பணமூட்டைகளும் உள்ளே வந்தன. ஊதியம் கொடுக்க வல்ல கழகங்கள் வளர்ந்தன. பிளாக்பர்னிலேயே ரோவர்ஸ் என்ற வேறு கழகம் இருந்தது. அதற்கு ஆதரவும் வசதியும் அதிகம். 1888-இல் பன்னிரண்டு கழகங்களோடு கால்பந்து லீக் தொடங்கியபோது, அந்த ஊரிலிருந்து ரோவர்ஸ் கழகமே இடம்பெற்றது. ஒலிம்பிக்கின் பணப்பை சிறிது. அதைத் தாங்கிய தோள்களும் சிலவே. 1889-இல் கழகம் மூடப்பட்டது. பதினோரு ஆண்டு வாழ்வு. நடுவே ஒரு மாபெரும் வெற்றி. முடிவில் மூடிய கதவு!

யேட்ஸைக் குறைகூற நமக்கு எண்ணமில்லை. அவர் கொடுத்தார், அதற்காக நன்றி சொல்லலாம். ஆனால் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களின் தோளில் நிற்கும் கழகம், அந்தத் தோள்கள் தளரும் நாளில் விழுகிறது என்பதைப் பிளாக்பர்ன் நமக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது.

தோட்டத்தில் பிறந்து நூற்றாண்டைக் கடந்தது

அதே 1889-ஆம் ஆண்டு, ஆகஸ்டு 15 அன்று, கல்கத்தாவின் வடபகுதியில் இன்னொரு கழகம் பிறந்தது. கீர்த்தி மித்ரா என்பவருடைய தோட்ட வீட்டுக்கு மோகன்பகான் வில்லா என்று பெயர். அங்கேதான் இளைஞர்கள் ஆடத் தொடங்கினார்கள். வீட்டின் பெயரே கழகத்தின் பெயராயிற்று. முதல் தலைவர் பூபேந்திரநாத் போஸ். இவர்தான் 1914-இல் நம் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர்.

புரவலர் இல்லாமலா மோகன்பகான் வளர்ந்தது? இருந்தார்கள், பலர் இருந்தார்கள். அந்தப் பன்மையில்தான் அதன் உயிர் இருந்தது. ஒருவர் தோட்டத்தில் தொடங்கியவர்கள், பிறகு வேறொருவர் நிலத்தில் ஆடினார்கள். அதன் பிறகு ஷியாம் ஸ்கொயர் என்ற பொதுத் திடலுக்குப் போனார்கள். இடம் மாறியது, கொடுப்பவர் மாறினார், கழகம் மாறவில்லை. உறுப்பினரும் செயற்குழுவும் இருந்ததால், தனி ஒருவர் வீட்டுக் கதவு சாத்தப்பட்டாலும் ஆட்டம் நிற்கவில்லை.

1911 ஜூலை 29 அன்று நடந்ததை இந்தியா மறக்கவில்லை. ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டம். எதிரே வெள்ளையர் படைப்பிரிவான கிழக்கு யார்க்ஷயர் ரெஜிமென்ட். மோகன்பகானின் பதினொருவரில் சுதிர் சட்டர்ஜி ஒருவர் மட்டுமே பூட்ஸ் அணிந்தவர். மற்றப் பதின்மரும் வெறுங்கால்! முதல் கோல் வெள்ளையருக்கு. அணித்தலைவர் சிப்தாஸ் பாதுரி சமன் செய்தார். அபிலாஷ் கோஷ் வெற்றி கோலைப் போட்டார். 2–1. துப்பாக்கி பிடித்தவனைத் துப்பாக்கியில்லாத நாட்டவன் வெறுங்காலால் வென்றான் என்று நாடெங்கும் பேசினார்கள். ஒரு தோட்டத்தில் தொடங்கிய ஊர்க்கழகம், ஒரு நாட்டின் முதுகெலும்பை நிமிர்த்தியது.

அந்த வெறுங்கால் 1948-இல் இலண்டன் ஒலிம்பிக் வரை போயிற்று. பிரான்சோடு ஆடிய நம் அணியில் பெரும்பாலோர் பூட்ஸ் அணியாதவர்கள். இரண்டு பெனால்டிகளைத் தவறவிட்டு 2–1 என்று தோற்றோம். நமக்காக விழுந்த அந்த ஒரு கோலைப் போட்டவர் சாரங்கபாணி இராமன். 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராகக் கோல் போட்டவர் சைமன் சுந்தர்ராஜ். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட கடைசிக் கோல் இன்றுவரை அதுதான். 1962-இல் ஜகார்த்தாவில் தென்கொரியாவை 2–1 என்று வென்று தங்கம் பெற்ற அணியின் கோல்காவலர் பீட்டர் தங்கராஜ். அவர் ஆடிய குன்னூர் வெல்லிங்டன் மதராஸ் ரெஜிமென்ட் மையம் 1955-இலும் 1958-இலும் டுராண்டு கோப்பையை வென்றது. தமிழர் காலுக்குக் கால்பந்து அன்னியமானது என்று சொல்பவர், இந்தப் பெயர்களைக் கேட்டுவிட்டுப் பேசட்டும். ஆனால் மாநிலங்கள் மோதும் சந்தோஷ் கோப்பையைத் தமிழகம் இதுவரை ஒருமுறையும் வென்றதில்லை. 2012-இல் இறுதி ஆட்டம் வரை போய்ச் சர்வீசஸிடம் தோற்றது. ஆள் இருக்கிறது, ஆளைத் தாங்கும் கழகங்கள் போதவில்லை.

கம்பெனி கொடுத்தது, கம்பெனியே எடுத்தது

"ஆலைகளும் வங்கிகளும் அணி வைத்து நடத்தினவே, அது போதாதா?" என்று கேட்பீர்கள். நல்ல காரியம்தான் செய்தார்கள். தொழிலாளிக்கு வேலையும் கிடைத்தது, ஆட்டமும் கிடைத்தது. சென்னையில் ஐ.சி.எஃப். அணி இருந்தது; இந்தியன் வங்கி அணி தேசிய லீக் வரை போயிற்று. பஞ்சாபில் பக்வாராவின் ஜே.சி.டி. நூற்பாலை 1971-இல் அணி தொடங்கி, 1996–97-இல் முதல் தேசிய லீக்கையே வென்றது. பம்பாயில் மகிந்திரா அணி பெரும்பேர் பெற்றது.

பிறகு என்ன நடந்தது? 2010-இல் மகிந்திரா அணி கலைக்கப்பட்டது. 2011-இல் ஜே.சி.டி. கலைக்கப்பட்டது. கலைக்கும்போது ஊராரைக் கேட்டார்களா, இரசிகரைக் கேட்டார்களா? கேட்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. கழகம் கம்பெனியின் சொத்து. நட்டக்கணக்கில் ஒரு வரி குறைந்தது. ஊரின் மாலைப்பொழுது இருண்டது.

நம் மாநிலத்துக் கதை இன்னும் அருகில் நடந்தது. 1946-இல் சென்னையில் நேதாஜி விளையாட்டுக் கழகம் என்று தொடங்கிய அமைப்பு, பிற்காலத்தில் சென்னை சிட்டி என்று பெயர் மாற்றிக்கொண்டு, கோவையைக் களமாக்கி, 2018–19-இல் ஐ-லீக்கை வென்றது. தமிழகமே மகிழ்ந்தது. சுவிட்சர்லாந்தின் பாசல் கழகம் 26 விழுக்காடு பங்கு வாங்கியது. அடுத்த பருவங்களில் சறுக்கல். 2020–21-க்குப் பிறகு ஐ-லீக் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. உச்சிக்கும் இல்லாமைக்கும் இடையே ஓரிரு ஆண்டுகளே இடைவெளி! உறுப்பினர் ஆயிரம் பேர் உரிமையோடு கேள்வி கேட்கும் கழகமாக இருந்திருந்தால் இத்தனை எளிதில் மறைந்திருக்குமா என்று நாம் கேட்கிறோம்.

கேட்கும் உரிமை என்ன செய்யும் என்பதற்கும் மோகன்பகானே சாட்சி. 2020-இல் அதன் கால்பந்துப் பிரிவில் 80 விழுக்காட்டை ஒரு பெரிய தொழில் குழுமம் வாங்கியது. கழகத்தின் பெயருக்கு முன்னால் ஏ.டி.கே. என்ற மூன்றெழுத்து வந்து உட்கார்ந்தது. இரசிகர்கள் ஒப்பவில்லை. "அந்த எழுத்துகளை எடு" என்று மூன்று ஆண்டுகள் முழங்கினார்கள். 2023-இல் எழுத்துகள் அகன்றன. பணம் போட்டவரும் பணிய வேண்டிவந்தது, ஏனென்றால் பெயர் ஊராருடையது. ஜெர்மனியில் இதை விதியாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். அங்கே 1998 முதல் கால்பந்துப் பிரிவைக் கம்பெனியாக்கலாம். ஆனால் வாக்குரிமையில் பாதிக்குமேல் கழகத்து உறுப்பினர் கையில் இருக்க வேண்டும். சில விலக்குகள் உண்டு என்றாலும், பொது விதி அதுதான்.

மோகனூருக்கு நாம் சொல்வது

மோகனூர்த் தோழர்களே! உங்கள் ஊரிலுள்ள ஆலை யாருடையது? கூட்டுறவு ஆலை. கரும்பு போடும் உழவர் அதில் உறுப்பினர். ஐம்பது ஏக்கர்க்காரருக்கும் ஒரு வாக்கு. ஐந்து ஏக்கர்க்காரருக்கும் ஒரு வாக்கு — இதுதானே கூட்டுறவின் இலக்கணம்? கொதிகலனும் சக்கரமும் கொண்ட ஆலையையே கூட்டுறவாக எழுப்பத் துணிந்த மண்ணுக்கு, பந்தும் இரண்டு கோல் கம்பமும் கொண்ட கழகத்தைக் கூட்டுறவாக நடத்த முடியாதா?

வழி இருக்கிறது. 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேர் சேர்ந்தால் விளையாட்டுக் கழகத்தைப் பதிவு செய்யலாம். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட வேண்டும்; வரவு செலவு தணிக்கையாக வேண்டும். ஐந்நூறு குடும்பங்கள் மாதம் இருபது ரூபாய் கொடுத்தால் மாதம் பத்தாயிரம். ஆண்டுக்கு ஒரு இலட்சத்து இருபதாயிரம். பந்துக்கும் வலைக்கும் பயணத்துக்கும் ஒரு பயிற்சியாளரின் மாலை நேரப் படிக்கும் தொடக்கத்தில் இது உதவும். ஆட்டத்துக்குப் போய் ஒருநாள் கூலியை இழக்கும் பிள்ளைக்கு அந்தக் கூலியைக் கழகம் கொடுக்கட்டும். 1882-இல் இங்கிலாந்து ஒப்புக்கொண்ட நியாயத்தை நாம் இன்றாவது ஒப்புக்கொள்ள வேண்டாமா?

புரவலர் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நாமக்கல் வட்டாரத்தில் லாரித் தொழில் இருக்கிறது, கோழிப்பண்ணை இருக்கிறது, பணம் புழங்குகிறது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, குறித்த அளவுக்குமேல் சொத்தோ விற்றுமுதலோ இலாபமோ உள்ள கம்பெனிகள் தம் சராசரி இலாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பட்டியலில் கிராமப்புற விளையாட்டுப் பயிற்சியும் இருக்கிறது. கொடுக்கட்டும், கும்பிட்டு வாங்குவோம். ஆனால் ஒருவர் பணம் மொத்த வரவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று விதியில் எழுதுங்கள். பனியனில் அவர் பெயர் இருக்கலாம். பதிவேட்டில் ஊரின் பெயர்தான் இருக்க வேண்டும்.

மதுரை சேது கால்பந்துக் கழகத்தைப் பாருங்கள். ஒரு கல்வி நிறுவனத்தின் துணையோடு 2016-இல் தொடங்கிய மகளிர் அணி, 2018–19-இல் இந்தியப் பெண்கள் லீக்கையே வென்றது! உள்ளூர்ப் புரவலர் எவ்வளவு நன்மை செய்ய முடியும் என்பதற்கு அது சான்று. அத்தகைய நன்மை ஒருவர் மனநிலையைப் பொறுத்து நில்லாமல், ஊரின் உறுதியில் நிற்க வேண்டும் என்பதே நம் வாதம். பெண்பிள்ளைகள் ஆடுவதா என்று முகம் சுளிக்கிறவருக்கும் அந்தக் கோப்பையே பதில்.

அடுத்தது திடல். 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம் என்றால் ஏறத்தாழ ஒன்றே முக்கால் ஏக்கர். ஓரம்சாரம் விட்டு இரண்டரை ஏக்கர் போதும். 2024-இல் தமிழக அரசு ஊராட்சிகளுக்கு விளையாட்டுக் கருவிகள் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது, நல்ல திட்டம். ஆனால் கருவிப்பெட்டியைத் திறந்து பந்தை எடுத்தவன் எங்கே போய் உதைப்பான்? புறம்போக்கு நிலங்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கும் காலம் இது. ஆகவே மோகனூர் போன்ற ஊர்கள் தோறும் ஒரு திடலை விளையாட்டுக்கென்றே ஒதுக்கி, எல்லைக்கல் நட்டு, வேறு பயனுக்கு மாற்றக் கூடாது என்று தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். கழகம் அதைப் பராமரிக்கட்டும். உரிமை பொதுமக்களுடையதாக இருக்கட்டும்.

மூன்றாவதை அழுத்திச் சொல்கிறோம். தெருவுக்கொரு குழு, சாதிக்கொரு குழு என்று பிரிந்து ஆடும் வழக்கம் எங்கிருந்தாலும் அதற்குக் கழகத்தில் இடமில்லை. ஊரின் எந்தத் தெருவிலிருந்தும் பிள்ளை வரலாம். பந்தை நன்றாகக் கடத்துகிறவன் ஆடலாம். ஒரே குடத்துத் தண்ணீர், ஒரே நிழல், ஒரே பனியன். சென்னை வியாசர்பாடியில் 1997 முதல் குடிசைப்பகுதிப் பிள்ளைகளுக்குக் கால்பந்தும் படிப்பும் சேர்த்துக் கொடுத்துவரும் அமைப்பு, பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளைப் பள்ளிக்கே திருப்பி அனுப்பியிருக்கிறது. அந்த மண்ணிலிருந்து நந்தகுமார் சேகர் இந்திய அணிக்கே போனார்.

மதிப்பெண் குறையும் என்று அஞ்சும் பெற்றோருக்கும் அதுவே விடை. நாமக்கல் வட்டாரம் மதிப்பெண்ணுக்குப் பேர்போனது. விடுதியில் அடைத்து, விடியலிலிருந்து இரவு வரை மனப்பாடம் செய்யவைக்கும் வித்தையைத் தமிழகம் முழுவதும் இந்த வட்டாரத்திலிருந்து கற்றுக்கொண்டது. கூண்டுக்குள் வளர்ப்பது கோழிக்குப் பொருந்தலாம், குழந்தைக்குப் பொருந்துமா? மாலையில் ஒரு மணி நேரம் ஓடிவிட்டு வருகிற பிள்ளை இரவில் தூங்கும், காலையில் தெளிவாகப் படிக்கும்.

கடைசியாக அரசியல் கட்சிக்காரர்களுக்கு — நம் கட்சிக்காரரையும் சேர்த்துத்தான் — ஒரு வார்த்தை. கோப்பை கொடுங்கள், கைகுலுக்குங்கள், கீழே இறங்கி வரிசையில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பாருங்கள். கழகத்தின் பொறுப்பில் மட்டும் உட்கார வேண்டாம். கூட்டுறவுச் சங்கங்களில் தேர்தல் தள்ளிப்போய்த் தனி அலுவலர் ஆட்சி நடந்த ஆண்டுகளை நாம் கண்டிருக்கிறோம். உறுப்பினர் கை தளர்ந்தால் உரிமை வேறு கைக்குப் போகும் என்பதையும் கண்டிருக்கிறோம். கழகத்துக்கு அந்தக் கதி வரக் கூடாது. ஆளுங்கட்சி மாறினாலும் ஆட்டம் மாறாமல் நடக்கும் இடமாக அது இருக்க வேண்டும்.

பிளாக்பர்ன் நெசவாளி கோப்பையை வென்றான், கழகத்தை இழந்தான். கல்கத்தா இளைஞன் கோப்பையையும் வென்றான்; கழகத்தையும் காத்தான். இரண்டு வழிகளும் நம்முன் கிடக்கின்றன. மாதம் இருபது ரூபாய் கொடுக்கிற கை, பொதுக்குழுவில் எழுந்து கணக்குக் கேட்கிற நாக்கு, பிள்ளையை மாலையில் திடலுக்கு அனுப்புகிற மனம் — இம்மூன்றும் சேர்ந்தால் மோகனூர் தனக்கென்று ஒரு கழகத்தை நிறுத்திக்காட்டும். தொடங்குங்கள், முதல் சந்தாவுக்கு முதல் ரசீதை எழுதுங்கள்!